சிறிய ஆன்லைன் கடைக்குக் குக்கி ஒப்புதலும் வருகைக் கணக்கும் அமைப்பது எப்படி?

உங்கள் கேள்வி இது. சின்னாளப்பட்டியிலிருந்து சுங்குடிச் சேலைகளை ஒரு தளம் வழியாக விற்கிறீர்கள். தளம் வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஓடுகிறது, விற்பனையை அதோடு சேர்த்த வூகாமர்ஸ் என்ற பிளகின் (கூடுதல் மென்பொருள்) கவனிக்கிறது. பாரிஸ், ஸ்டுட்கார்ட் பக்கமிருந்தும் ஆர்டர் வருகிறது. யார் வருகிறார்கள், எதைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள கூகுள் அனலிட்டிக்ஸ் போட நினைக்கிறீர்கள். அதற்குள் பிரான்ஸிலிருந்து ஒரு வாடிக்கையாளர், ‘உங்கள் தளத்தில் குக்கி பானரே இல்லையே’ என்று எழுதியிருக்கிறார். எதை முதலில் செய்வது, எப்படிச் செய்வது என்று கேட்கிறீர்கள்.

பானர் வேலையைக் கடைசியில் வையுங்கள். குக்கி என்பது தளம் வருகிறவரின் பிரவுசரில் எழுதிவைக்கும் சிறு குறிப்பு. பானர் என்பது அதை வைக்கலாமா என்று வருகிறவரிடம் திரையில் நாம் கேட்கும் ஒரு கேள்வி. அவர் பதில் சொல்லும்வரை ஒப்புதல் தேவைப்படும் எதுவும் ஓடக் கூடாது. இது ஒன்று சரியாக இருந்தால் மீதியெல்லாம் சின்ன வேலை. பல தளங்களில் பானர் அழகாக வந்து நிற்கும். ஆனால் அது திரையில் தெரிவதற்குள் அனலிட்டிக்ஸ் ஓடி, குக்கி எழுதப்பட்டு, தகவலும் போய்ச் சேர்ந்திருக்கும். அப்படி ஒரு பானர் இருப்பதைவிட இல்லாமலிருப்பது மேல் என்பேன், ஏனென்றால் அது வருகிறவரிடம் பொய் சொல்கிறது.

இந்தியாவில் இருக்கும் கடையை ஐரோப்பியச் சட்டம் தொடுமா? தொடும். ஜிடிபிஆர் எனப்படும் ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதி 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. கடை எந்த நாட்டில் இருக்கிறது என்பதோடு அது நிற்பதில்லை. ஒன்றியத்துக்குள் இருப்பவர்களுக்குப் பொருள் விற்க முன்வருகிறீர்களா, அங்கே அவர்கள் நடந்துகொள்வதைக் கண்காணிக்கிறீர்களா என்றும் அதன் 3ஆம் பிரிவு பார்க்கிறது. யூரோவில் விலை காட்டி, பிரான்ஸுக்கு டெலிவரிக் கட்டணமும் போட்டிருக்கும் தளம் அதற்குள் வந்துவிடும்.

குக்கிக்கென்று இருக்கும் விதி இன்னும் பழையது. 2002இல் வந்து 2009இல் திருத்தப்பட்ட ஈபிரைவசி உத்தரவின் 5(3)ஆம் பிரிவுதான் அது. ஒருவருடைய போனிலோ கணினியிலோ எதையாவது எழுதிவைப்பதற்கும், அங்கே இருப்பதைப் படிப்பதற்கும் முன் அவருடைய ஒப்புதல் வேண்டும். அவரே கேட்ட சேவையைக் கொடுக்க அது கண்டிப்பாகத் தேவை என்றால் விலக்கு உண்டு. குக்கியை விட்டுவிட்டு பிரவுசரின் லோக்கல் ஸ்டோரேஜில் எழுதினாலும் இதே விதிதான்.

ஒப்புதல் எப்படி இருக்க வேண்டும் என்பதை இரண்டு வழக்குகள் நன்றாகக் காட்டுகின்றன. 2019 அக்டோபர் 1இல், பிளானட்49 என்ற ஜெர்மன் நிறுவனத்தின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம், முன்கூட்டியே டிக் அடித்து வைத்த பெட்டி ஒப்புதல் ஆகாது என்றது. ஒவ்வொரு குக்கியும் எத்தனை நாள் இருக்கும், வேறு யார் அதைப் படிக்க முடியும் என்பதையும் சொல்லியாக வேண்டும் என்று அதே தீர்ப்பு சொன்னது. அடுத்தது பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு அமைப்பான சிஎன்ஐஎல் 2022 ஜனவரியில் அறிவித்த அபராதம். கூகுளுக்கு 15 கோடி யூரோ, ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோ. ஏற்க ஒரே கிளிக், மறுக்கப் பல கிளிக் என்று வைத்திருந்ததுதான் குற்றம். உங்கள் கடைக்கு அந்த அளவுக்கெல்லாம் வராது. ஆனால் ‘வேண்டாம்’ பட்டனை உள்ளே ஒளித்து வைக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான செய்தி தேவையில்லை.

நம் நாட்டிலும் 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. ஒப்புதல் தெளிவான ஒரு செயலால் தரப்பட வேண்டும், கொடுத்தது எவ்வளவு எளிதோ திரும்பப் பெறுவதும் கிட்டத்தட்ட அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்று அதுவும் சொல்கிறது. அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பையும் தரச் சொல்கிறது. அதனால் ஐரோப்பாவுக்கு மட்டும் பானர், இந்தியாவுக்கு வேண்டாம் என்று நாடு பார்த்துப் பிரிக்கும் வேலையில் இறங்காதீர்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி கேளுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் உங்கள் தளம் இப்போதே என்னென்ன வைக்கிறது என்று பாருங்கள். கணினியில் குரோமில், பழைய குக்கிகள் இல்லாத இன்காக்னிட்டோ ஜன்னல் திறந்து உங்கள் தளத்துக்குப் போங்கள். எஃப்12 அழுத்தி, ‘அப்ளிகேஷன்’ தாவலில் ‘குக்கீஸ்’ என்ற பகுதியைத் திறங்கள். பிறகு ஒரு சேலையைக் கூடையில் போட்டு, செக்அவுட் வரை நடந்து பாருங்கள். பட்டியல் வளர்வது தெரியும்.

அதில் வூகாமர்ஸின் கூடைக் குக்கிகளும் செஷன் குக்கியும் இருக்கும். கூடையில் போட்ட சேலை அடுத்த பக்கத்திலும் கூடையிலேயே இருப்பது அவற்றால்தான். இவை அவசியமானவை, ஒப்புதல் கேட்க வேண்டாம், விவரப் பக்கத்தில் சொன்னால் போதும். ஆனால் அதே பட்டியலில் ‘எஸ்பிஜேஎஸ்’ என்று தொடங்கும் சில குக்கிகளையும் பார்ப்பீர்கள். வூகாமர்ஸ் 8.5இல், 2024 ஜனவரியில் வந்த ‘ஆர்டர் அட்ரிபியூஷன்’ வசதி வைப்பவை இவை. வாங்கியவர் எந்த இணைப்பு வழியாக வந்தார், எந்தப் பக்கத்தில் முதலில் இறங்கினார் என்று குறித்துக்கொள்கின்றன. கேட்காமலே இயங்கத் தொடங்கிவிடும் வசதி என்பதால் பல கடைக்காரர்களுக்கு இது ஓடுவதே தெரியாது. சேலை வாங்க இந்தத் தகவல் தேவையில்லை, ஆகவே ஒப்புதல் வேண்டும். வூகாமர்ஸ் செட்டிங்ஸில் ‘அட்வான்ஸ்டு’, அதற்குள் ‘ஃபீச்சர்ஸ்’ என்ற இடத்தில் இதை நிறுத்தலாம். வைத்துக்கொள்ள விரும்பினால், வருகிறவரின் பதிலை மற்ற பிளகின்களுக்குத் தெரிவிக்கும் ‘டபிள்யூபி கன்சென்ட் ஏபிஐ’யோடு பேசத் தெரிந்த ஒப்புதல் பிளகினைத் தேர்ந்தெடுங்கள், அப்போது வருகிறவர் சரி சொன்ன பிறகுதான் இது வேலை செய்யும்.

குக்கி வைக்காமலே தகவலை வெளியே அனுப்புகிறவையும் உண்டு. தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தீம் வழியாக கூகுளின் சர்வரிலிருந்து இறங்கும் எழுத்துருக்கள் அப்படித்தான்: ஒவ்வொரு வருகையிலும் வருகிறவரின் ஐபி முகவரி (அவருடைய இணைய இணைப்பின் எண்) கூகுளுக்குப் போகிறது. இதற்காக 2022 ஜனவரியில் மியூனிக் நீதிமன்றம் ஒரு தளத்தின் உரிமையாளரை 100 யூரோ இழப்பீடு கொடுக்கச் சொன்னது. எழுத்துருக் கோப்புகளை உங்கள் சர்வரிலேயே வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. சேலை கட்டும் முறையைக் காட்டும் யூடியூப் வீடியோக்கள் இருந்தால், முதலில் படம் மட்டும் தெரியட்டும். அழுத்திய பிறகு வீடியோ ஏறட்டும். ஃபேஸ்புக்கின் லைக் பட்டனை அப்படியே ஒட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள். அந்தப் பட்டன் தகவலைச் சேகரித்து அனுப்புவதில் தளத்துக்காரருக்கும் கூட்டுப் பொறுப்பு உண்டு என்று 2019இலேயே ஐரோப்பிய நீதிமன்றம் ஃபேஷன் ஐடி வழக்கில் சொல்லிவிட்டது. பகிர்வதற்குச் சாதாரண இணைப்பு போதும். பணம் செலுத்தும் சேவையின் ஸ்கிரிப்ட் (பிரவுசரில் ஓடும் சிறு நிரல்) செக்அவுட் பக்கத்தில் மட்டும் ஏறட்டும், முகப்பில் அதற்கு வேலையில்லை.

இப்படிக் குறைக்கக் குறைக்க பானர் கேட்க வேண்டிய கேள்வியும் சிறிதாகிக்கொண்டே வரும். இந்தக் கட்டத்தை யாரும் தாண்டிப் போகக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. இருபது ஸ்கிரிப்டுகளை அப்படியே விட்டுவிட்டு மேலே பானர் ஒட்டினால், அந்த இருபதையும் விளக்குகிற ஒரு நீளமான படிவம் வரும். அதை யாரும் படிக்கப் போவதில்லை.

அடுத்து, எதைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறீர்கள் என்று எழுதிப் பாருங்கள். எந்தத் தேடல் சொல்லில் வருகிறார்கள், எந்த நாட்டிலிருந்து தேடுகிறார்கள் என்றால், அதற்கு அனலிட்டிக்ஸே வேண்டாம். கூகுள் சர்ச் கன்சோல் போதும். உங்கள் தள முகவரியின் (டொமைன்) டிஎன்எஸ் பதிவுகளில் ஒரு வரி சேர்த்து உரிமையை நிரூபித்தால் சரி, உங்கள் பக்கத்தில் எந்த ஸ்கிரிப்டும் சேராது. எத்தனை சேலை விற்றது, எந்த ஊருக்குப் போனது என்பது வூகாமர்ஸிலேயே இருக்கிறது. எந்தச் சேலைப் பக்கத்தை அதிகம் பார்க்கிறார்கள், எங்கிருந்து வந்து சேர்கிறார்கள், எந்த இடத்தில் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்பதற்குத்தான் தனிக் கருவி வேண்டும். அதற்கு மூன்று நல்ல வழிகள் உண்டு.

முதலாவது பிளாசிபிள் என்ற கருவி. இது குக்கியே வைப்பதில்லை. ஐபி முகவரி, பிரவுசர் விவரம், உங்கள் டொமைன் மூன்றையும் தினமும் மாறும் ஒரு ரகசிய எண்ணோடு கலந்து ஓர் அடையாளம் உண்டாக்குகிறது. 24 மணி நேரத்தில் அந்த எண் அழிக்கப்படுகிறது. அதனால் நேற்று வந்தவரே இன்று வந்தாலும் புதியவராகத்தான் கணக்கில் வருவார். ஒருவர் மூன்று முறை வந்து பார்த்துவிட்டு நான்காம் முறை வாங்கினாரா என்று இதில் தெரியாது. அந்தக் கேள்வி உங்களுக்கு முக்கியமில்லை என்றால், இதைவிட எளிய வழி கிடையாது. மாதக் கட்டணம் உண்டு. சொந்த சர்வரில் நிறுவத் தெரிந்தவர்களுக்கு இலவசப் பதிப்பும் இருக்கிறது.

இரண்டாவது கருவி மடோமோ. இதை உங்கள் ஹோஸ்டிங்கிலேயே (தளம் இருக்கும் சர்வரிலேயே) நிறுவலாம், வேர்ட்பிரஸுக்குத் தனிப் பிளகினும் உண்டு. கணக்கு முழுதும் உங்கள் கையில் இருக்கும், வெளியே எங்கும் போகாது. குக்கியோடும் ஓட்டலாம், குக்கி இல்லாமலும் ஓட்டலாம். சிஎன்ஐஎல் தன் நிபந்தனைகளுக்குள் அமைக்கப்பட்ட வருகைக் கணக்கு ஒப்புதல் இல்லாமலே இயங்கலாம் என்கிறது: தளத்துக்காரரின் சொந்தப் புள்ளிவிவரத்துக்கு மட்டும் பயன்பட வேண்டும், வேறு தளங்களோடு இணைக்கக் கூடாது, குக்கி 13 மாதத்துக்கு மேல் இருக்கக் கூடாது, தரவு 25 மாதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. மடோமோவை அப்படி அமைக்க முடியும். இது பிரான்ஸின் நிலை. மற்ற நாடுகளில் இதே விலக்கு அப்படியே கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றாவது நீங்கள் கேட்ட கூகுள் அனலிட்டிக்ஸ். அதன் இப்போதைய பதிப்பின் பெயர் ஜிஏ4. ஐரோப்பாவில் இதன் கதை கொஞ்சம் சிக்கலானது. தகவல் அமெரிக்காவுக்குப் போகிறது என்பதால் ஆஸ்திரியா, பிரான்ஸ், இத்தாலி மூன்று நாட்டுத் தரவுப் பாதுகாப்பு அமைப்புகளின் முடிவுகளும் 2022இல் கூகுள் அனலிட்டிக்ஸுக்கு எதிராக வெளிவந்தன. 2023 ஜூலை 10இல் ஐரோப்பிய ஆணையம் அமெரிக்காவோடான புதிய தரவு ஏற்பாட்டை ஏற்ற பிறகு அந்தச் சிக்கல் தணிந்தது. ஒப்புதல் வாங்கும் கடமை மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

என் கருத்து: கூகுளில் விளம்பரம் கொடுக்காத கடைக்கு ஜிஏ4 தேவையில்லை. பிளாசிபிளோ மடோமோவோ போதும். விளம்பரம் கொடுக்கிறீர்கள், எந்த விளம்பரம் விற்பனையாக மாறியது என்று பார்க்க வேண்டும் என்றால் ஜிஏ4 போடுங்கள். போடுவதானால் இப்படிச் செய்யுங்கள்.

ஜிஏ4இல் ப்ராப்பர்ட்டி (உங்கள் தளத்துக்கான கணக்கு) உருவாக்கும்போதே நேர மண்டலத்தை இந்தியா என்றும், நாணயத்தை ரூபாய் என்றும் வையுங்கள். வெப் ஸ்ட்ரீம் (தளத்திலிருந்து தரவு வரும் வழி) ஒன்று சேர்த்தால் ‘ஜி’யில் தொடங்கும் ஓர் எண் கிடைக்கும். கூகுள் கணக்கில் நுழைந்திருப்பவர்களின் தகவலையும் சேர்க்கும் ‘கூகுள் சிக்னல்ஸ்’ என்பதை இயக்க வேண்டாம். தரவு வைத்திருக்கும் காலம் 2 மாதமா 14 மாதமா என்று கேட்கும். வழக்கமான அறிக்கைகளை இது பாதிக்காது, ‘எக்ஸ்ப்ளோரேஷன்ஸ்’ பகுதியை மட்டும்தான் பாதிக்கும். அந்தப் பகுதிக்கே போகாதவர் 2 மாதத்திலேயே விட்டுவிடலாம். உங்கள் வீடு, கடையிலிருந்து வரும் வருகையை வடிகட்டுங்கள். வாடிக்கையாளரின் ஈமெயிலோ போன் எண்ணோ பக்கத்தின் முகவரியில் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது அப்படியே கூகுளுக்குப் போகும், கூகுளின் விதிகளே அதைத் தடுக்கின்றன.

அந்த எண்ணைத் தீமின் கோடில் நேராக ஒட்டாதீர்கள். ஒப்புதல் பிளகினிடம் கொடுங்கள். காம்ப்ளியன்ஸ், குக்கியெஸ், குக்கிபாட் என்று பல இருக்கின்றன. வேர்ட்பிரஸுக்குள்ளேயே ஓடுவதாலும் டபிள்யூபி கன்சென்ட் ஏபிஐயை ஆதரிப்பதாலும் உங்களுக்குக் காம்ப்ளியன்ஸ் பொருந்தும். இந்தப் பிளகின்கள் செய்வது எளிய வேலை. ஸ்கிரிப்ட் டேகில் ‘டைப்’ என்ற இடத்தை ‘டெக்ஸ்ட்/பிளெய்ன்’ என்று மாற்றிவிட்டால் பிரவுசர் அதைச் சும்மா எழுத்தாக நினைத்து இயக்காமல் விட்டுவிடும். வருகிறவர் ‘அனுமதிக்கிறேன்’ என்றதும் பிளகின் அதைத் திரும்ப ஜாவாஸ்கிரிப்டாக மாற்றி ஓடவிடும். இது புரிந்துவிட்டால், எங்கே தவறு நடந்தாலும் நீங்களே கண்டுபிடிக்கலாம்.

இதோடு, வருகிறவரின் பதிலை கூகுள் ஸ்கிரிப்டுக்குச் சொல்லும் ‘கன்சென்ட் மோட்’ என்ற கூகுள் வசதியும் இருக்கிறது. ஐரோப்பியப் பார்வையாளர்களுக்கு விளம்பரம் காட்டுகிறவர்கள் 2024 மார்ச்சிலிருந்து இதன் இரண்டாம் பதிப்பைப் பயன்படுத்த வேண்டும். ஆட் ஸ்டோரேஜ், அனலிட்டிக்ஸ் ஸ்டோரேஜ், ஆட் யூசர் டேட்டா, ஆட் பெர்சனலைசேஷன் என்ற நான்கும் தொடக்கத்தில் ‘மறுப்பு’ நிலையில் இருக்க வேண்டும். கூகுள் ஸ்கிரிப்ட் ஏறுவதற்கு முன்பே அந்த நிலை சொல்லப்பட வேண்டும், வரிசை மாறினால் பயனில்லை. இதில் ‘பேசிக்’, ‘அட்வான்ஸ்டு’ என்று இரண்டு வகை. பேசிக்கில் ஒப்புதல் வரும்வரை கூகுள் ஸ்கிரிப்ட் ஏறாது. அட்வான்ஸ்டில் ஸ்கிரிப்ட் முதலிலேயே ஏறி, மறுத்தவர்களைப் பற்றியும் குக்கி இல்லாத சிறு செய்திகளை கூகுளுக்கு அனுப்பும். அதை வைத்து கூகுள் விடுபட்ட கணக்கை மதிப்பிட்டு நிரப்பும். அட்வான்ஸ்டு நல்லது, தரவு கூடுதலாகக் கிடைக்கும் என்று பலரும் சொல்வார்கள். ஆனால் ஜிஏ4 அந்த மதிப்பீட்டைத் தொடங்க, மறுத்தவர்களிடமிருந்து நாளுக்கு 1,000 நிகழ்வுகளாவது 7 நாள் வர வேண்டும். ஒப்புதல் தந்தவர்கள் நாளுக்கு 1,000 பேராவது கடந்த 28 நாளில் 7 நாள் இருக்க வேண்டும். சிறிய கடைக்கு அந்த அளவு வருகை இருக்காது. ஆக, கிடைக்காத ஒரு பலனுக்காக ‘வேண்டாம்’ என்று சொன்னவரின் தகவலை அனுப்பிக்கொண்டிருப்பீர்கள். பேசிக்கையே வையுங்கள்.

இப்போது பானர். பிளகினோடு வரும் ஆங்கில வாசகத்தை அப்படியே விடாதீர்கள். ‘உங்கள் அனுபவத்தை மேம்படுத்த’ என்ற வரியில் தகவலே இல்லை. இப்படி எழுதலாம்: “எந்தச் சேலைகளை அதிகம் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்க கூகுள் அனலிட்டிக்ஸ் குக்கிகளை வைக்க விரும்புகிறோம். நீங்கள் அனுமதித்தால் மட்டுமே வைப்போம். வேண்டாம் என்றாலும் தளத்தைப் பார்க்கவும் வாங்கவும் தடையில்லை.” கீழே ‘அனுமதிக்கிறேன்’, ‘வேண்டாம்’ என்று ஒரே அளவில், ஒரே நிறத்தில், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பட்டன். விவரம் படிக்க ஓர் இணைப்பு. தளத்தில் பிரெஞ்சு, ஆங்கிலப் பக்கங்கள் இருந்தால் அந்தந்த மொழியிலும் இதையே எழுதுங்கள்.

விவரப் பக்கத்தில் ஒவ்வொரு குக்கியின் பெயர், எதற்காக, எத்தனை நாள், யார் படிப்பார்கள் என்று நான்கும் இருக்கட்டும். ஜிஏ4இன் குக்கிகள் மாற்றாமல் விட்டால் 2 ஆண்டு இருக்கும் என்பதை வாடிக்கையாளருக்குச் சொல்லியாக வேண்டும். எல்லாப் பக்கத்தின் அடியிலும் ‘குக்கி விருப்பத்தை மாற்ற’ என்று ஓர் இணைப்பு வையுங்கள். மனம் மாறியவர் தேடி அலையக் கூடாது. ‘வேண்டாம்’ என்றவரிடம் பக்கத்துக்குப் பக்கம் மறுபடி கேட்கவும் கூடாது. பதிலை 6 மாதம் நினைவில் வைத்திருப்பது நல்ல நடைமுறை என்கிறது சிஎன்ஐஎல்.

எல்லாம் முடிந்ததும் சோதனை. புதிய இன்காக்னிட்டோ ஜன்னல், எஃப்12, இந்த முறை ‘நெட்வொர்க்’ தாவல். தேடும் இடத்தில் ‘கலெக்ட்’ என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். பானரைத் தொடாமல் காத்திருங்கள், எதுவும் வரக் கூடாது. ‘வேண்டாம்’ அழுத்தி நான்கைந்து பக்கம் போங்கள், அப்போதும் வரக் கூடாது. வேறொரு புதிய ஜன்னலில் ‘அனுமதிக்கிறேன்’ அழுத்துங்கள், இப்போது வர வேண்டும். வந்த கோரிக்கையில் ‘ஜிசிஎஸ்’ என்ற அளவுரு ‘ஜி101’ என்றிருந்தால் கணக்கெடுப்புக்கு மட்டும் ஒப்புதல் போயிருக்கிறது. ‘ஜி111’ என்றால் விளம்பரத்துக்கும் சேர்ந்து போயிருக்கிறது. விளம்பரத்தைப் பற்றிப் பானரில் ஒரு வார்த்தையும் சொல்லாமல் ‘ஜி111’ வந்தால் அமைப்பு தவறு. கடைசியாக அடியிலுள்ள இணைப்பு வழியாக ஒப்புதலைத் திரும்பப் பெற்று, ‘_ஜிஏ’ என்று தொடங்கும் குக்கிகள் போய்விட்டனவா என்று பாருங்கள்.

சோதனை தோற்றால் முதல் சந்தேகம், பக்கங்களைச் சேமித்து வைத்து வேகமாகத் தரும் கேஷ் பிளகின் மேல். லைட்ஸ்பீட் கேஷ், டபிள்யூபி ராக்கெட் போன்றவை வேகத்துக்காக ஸ்கிரிப்டுகளை ஒன்றாகச் சேர்க்கும், தள்ளிப்போடும், வரிசை மாற்றும். ஒப்புதல் ஸ்கிரிப்ட் பின்னால் போய் அனலிட்டிக்ஸ் முன்னால் வந்துவிட்டால் எல்லாம் தலைகீழ். ஒப்புதல் பிளகினின் கோப்புகளை அந்த வேலையிலிருந்து விலக்கி வையுங்கள், கேஷை முழுதும் காலி செய்துவிட்டு மறுபடி சோதியுங்கள். தீம், கேஷ் பிளகின் இரண்டில் எதை அப்டேட் செய்தாலும் இந்தச் சோதனையை ஒருமுறை ஓட்டுங்கள், ஐந்து நிமிட வேலைதான்.

ஒப்புதல் முறைக்கு மாறியதும் வருகை எண்ணிக்கை சட்டென்று இறங்கும். பயப்பட வேண்டாம், வருகிறவர்கள் குறையவில்லை, எண்ணப்படுகிறவர்கள்தான் குறைகிறார்கள். மாறிய தேதியைக் குறித்துவைத்து, அதற்கு முந்திய மாதங்களோடு ஒப்பிடுவதை நிறுத்திவிடுங்கள். ஐபோனில் சஃபாரி, ஜாவாஸ்கிரிப்ட் எழுதும் குக்கிகளை 7 நாளுக்குமேல் வைத்திருப்பதில்லை. பத்து நாள் கழித்து வருகிறவர் புதியவராகத்தான் தெரிவார். வாட்ஸ்அப் குழுக்களில் போடும் இணைப்புகள் நேராக வந்தவர்களுக்கான ‘டைரக்ட்’ என்ற கணக்கில் கலந்துவிடும், அதனால் பகிர்வதற்கு முன், எங்கிருந்து வந்தது என்று சொல்லும் யூடிஎம் குறிச்சொல்லை இணைப்பின் முடிவில் சேர்த்துவிடுங்கள். தீபாவளிக்குப் போட்ட செய்தி எத்தனை பேரைக் கொண்டுவந்தது என்று தனியாகத் தெரியும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எல்லா நாட்டுக்காரர்களும் ஒரே அளவில் மறுப்பதில்லை. ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்கள் அதிகம் மறுத்தால், ஜிஏ4 அறிக்கையில் ஐரோப்பா உண்மையைவிடச் சிறிதாகத் தெரியும். அதைப் பார்த்து, பிரான்ஸுக்கு டெலிவரி வேண்டாம் என்று முடிவெடுத்துவிடாதீர்கள். அந்த மாதிரி முடிவுகளுக்கு வூகாமர்ஸில் பதிவான டெலிவரி முகவரிகளை எடுத்து நாடுவாரியாக எண்ணுங்கள். எந்தப் பக்கம் மற்ற பக்கத்தைவிட அதிகம் பார்க்கப்படுகிறது என்பதற்கு மட்டும் அனலிட்டிக்ஸைக் கேளுங்கள்.